பசை சேர்க்காத வெள்ளை

அந்தப் பழைய ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தை, மதத்தைத் தடைசெய்த அரசாங்கம் தானியக் கிடங்காக்கிப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. முந்நூறு வருடங்களாகச் சுவரில் ஓவியமாக நின்ற புனிதர்களை மறைக்க ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது அனீசியாவின் வேலை. பசை சேர்த்து அடித்தால் வெள்ளை உரியாது. உரித்தால் ஓவியமும் கூடவே வந்துவிடும். அதனால் சீமைச் சுண்ணாம்புத் தூளை வெறும் தண்ணீரில்தான் கரைப்பாள். கிடங்கில் கொடுத்த பசையெல்லாம் ஆற்றில் போனது. அடிக்கும்போது ஒவ்வொரு முகத்திடமும், "கொஞ்ச நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு இருங்க சாமி" என்பாள்.

புதிதாக வந்த கிடங்கு அதிகாரி சுவரில் சாய்ந்து எழுந்தார். கறுப்புக் கோட்டின் முதுகெல்லாம் வெள்ளை.

"என்னம்மா இது, தொட்டா ஒட்டுது? பசை போடலையா?"

"போடலைங்க."

அவர் விரலால் சுவரைத் தேய்த்தார். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது.

"எத்தனை வருஷமா இப்படி?"

"முதல் வருஷத்துலேர்ந்து. ஜெயில்ல போட்டாலும் சரி, இனிமேலும் போட மாட்டேன்."

 வெள்ளை படிந்த அவருடைய பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் ஒன்றாகக் குவிந்தன. சிலுவை அடையாளம் போட அந்த ஊரில் அப்படித்தான் குவிப்பார்கள். இப்போது அது குற்றம். தூளைத் தட்டத்தான் குவித்தாரோ என்னவோ. கை நெற்றியை நோக்கி எழும்பிப் பாதியில் நின்றது. அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அனீசியா பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு நேராகப் போய்க் கதவைச் சாத்தினாள்.