புகாருக்கு 75

"என்னை வித்துட்டியே துஹாமி."

ஸஹ்வா தன் கத்தரிக்கோலையும் ஏப்ரனையும் அவன் மேஜைமேல் வைத்தாள். தாஞ்சியர் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அந்தத் தையல் கம்பெனியில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்பவன் துஹாமி. சற்றுமுன்தான் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

போன மாதம் புதுத் தொலைபேசிகள் வந்தபோது அவன்தான் எண்களைப் பிரித்துப் போட்டான். லீவு சொல்ல 71, சம்பளம் கேட்க 72, புகாருக்கு 75. எந்தப் போனிலிருந்தும் அடிக்கலாம். பேசுவது குரல்பெட்டியில் பதிவாகிவிடும்.

"யார் பேசினா, எந்தப் போன்ல பேசினான்னு பெட்டிக்குத் தெரியாது. அப்படித்தான் வச்சிருக்கேன்," என்று சாப்பாட்டு வேளையில் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்.

அதை நம்பித்தான் ஸஹ்வா 75ஐ அடித்தாள். யாருமில்லாத நேரம் பார்த்து ஸ்டோர் ரூம் போனை எடுத்து, தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். வேலை நேரத்தில் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறீர்கள், தீப்பிடித்தால் ஒருத்திகூடத் தப்ப முடியாது, திறக்காவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போவோம் என்று. இதை யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. அதே கம்பெனியில் மேனேஜரின் காரை ஓட்டும் கணவன் அய்யாதிடம்கூட.

துஹாமி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் பேசிய நாளும் நேரமும் மட்டும் இருந்தன. பேசிய போனின் எண் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மேனேஜர் வந்து கேட்டார், அக்கா. தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்லைன்னுட்டேன். பதிவைத் தன் போன்ல எடுத்துக்கிட்டு, சூப்பர்வைசருங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். யாருக்கும் குரல் பிடிபடலை."

"அப்புறம் என் பேரு எப்படி வந்துச்சு? காத்துல வந்துச்சா?"

"அதான் எனக்கும் புரியலை. மத்தியானம் சாப்பிட கார்ல வெளியே போனார். வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொன்னார். எங்க அம்மா மேல சத்தியமா நான் இல்லை."

"வேண்டாம். அந்தப் பாவத்தையும் சேத்துக்காதே."

அவள் படியிறங்கியபோது தையல் மெஷின்களின் சத்தம் ஒரு நொடி தணிந்து மறுபடி எழுந்தது. யாரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகு அய்யாத் வந்தான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அடுப்பைப் பற்றவைத்து ஹரீரா சூப்பைச் சுடவைத்தான். கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுத்தான். அந்த அக்கறையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குக் கம்பெனி கேட்டுல நிக்கப்போறேன். துஹாமிதான் காட்டிக்கொடுத்தான்னு ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லப்போறேன். இனிமே அவன் மூஞ்சியில யாரும் முழிக்கக்கூடாது."

"அவனை விடு," என்றான் அய்யாத்.

"ஏன் விடணும்? அவனால என் வேலை போயிடுச்சு. எனக்காக ஒரு வார்த்தை பேசுவேன்னு பாத்தா, நீ அவனுக்குப் பரிஞ்சு பேசுறே."

அய்யாத் ரொட்டியைப் பிய்த்தான். சூப்பில் நனைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உன் பேரைச் சொல்லலேன்னா ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்."