இரண்டு மில்லி ஒழுகல்

பஸ்ஸில் எதிர் சீட்டு அம்மாள் என் பேண்ட்டின் முன்பக்கத்து ஈரத்தைப் பார்த்தாள். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், வெட்கப்படாதீங்க" என்று மெதுவாகச் சொல்லி, தன் செய்தித்தாளை எடுத்து என் மடியில் விரித்துவிட்டாள்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. அந்த ஈரம் அவள் நினைத்தது இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், பாக்கெட்டில் இருக்கும் இ-சிகரெட்டை எடுத்துக் காட்ட வேண்டும். அவளோ என் மனைவி கெய்னரோடு வாராவாரம் பிங்கோ ஆடுகிறவள். தலையைக் குனிந்துகொண்டு, பார்ன்ஸ்லி வரும்வரை வியாதிக்காரனாகவே இருந்துவிட்டேன்.

எல்லாம் பேத்தி பிறந்ததால் வந்த வினை. மகள் கிர்ஸ்டி எங்கள் இருவரையும் சமையலறை மேஜை முன்னால் உட்காரவைத்து, "இனிமே சிகரெட்டும் கூடாது, இ-சிகரெட்டும் கூடாது. யார் இழுத்தாலும் சரி, ஞானஸ்நானத்தன்னைக்குப் பாப்பாவ தொடவே விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று குழந்தையைச் சர்ச்சுக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான். அந்த ஆசையில்தான் ஆறு வாரமாகக் கோட்டை இஸ்திரி போட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

கெய்னர் அன்றே விட்டுவிட்டாள். சிகரெட்டுக்குப் பதில் புதினா மிட்டாய். காலையில் ஆரம்பித்தால் படுக்கும்வரை கடக் கடக்கென்று கடித்துக்கொண்டே இருப்பாள். நான் மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் புதினா வாசனையிலேயே ஒரு இ-சிகரெட் வாங்கி, தோட்டத்து ஷெட்டில், என் கருவிப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். வீடே புதினா மணக்கும்போது யாருக்குத் தெரியப்போகிறது? அவ்வளவு மூளை எனக்கு.

ஆனால் அந்தச் சனியன் ஒழுகியது. நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவன் நான். இந்த ஊரில் பாதி வீட்டு ஒழுகலை நிறுத்தியவன். புகைக்கான தண்ணீரை ஊற்றுகிற கட்டைவிரல் உயர டாங்க், அதில் பிடிப்பதே இரண்டு மில்லி, அது என்னைப் பார்த்துச் சிரித்தது. மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கினேன், ஒழுகியது. இன்னும் எட்டுச் சுற்று சுற்றினேன். அப்புறம் ஸ்பேனர் போட்டுத்தான் திறக்க முடிந்தது.

பஸ்ஸை விட்டிறங்கி நேராக அதை வாங்கின கடைக்குப் போனேன்.

"ஐயோ கண்ணு, இதுக்கு என்ன அடிபட்டிருச்சா, கட்டுப் போட்டிருக்கீங்க?" என்றாள் கடைக்காரி லீயன். என் மகள் வயதுதான். வருகிற கிழவனையெல்லாம் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

"மரையில கசியுதோன்னு டேப் சுத்தினேன்."

"நல்லா சுத்தினீங்க! நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"போஸ்ட் ஆபீஸ்" என்றேன். பிளம்பர் என்று சொல்ல வாய் வரவில்லை.

லீயன் டேப்பை உரித்துப் போட்டாள். "காத்து ஓட்டைய முதல்ல மூடுங்க. டாங்க சாய்ச்சுப் பிடிச்சு, ஓரமா ஊத்துங்க. நடுக்குழாய்ல ஒரு சொட்டு விழக் கூடாது. முக்கியமா, விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க கண்ணு. மேல கொஞ்சம் காத்து இருந்தாத்தான் தண்ணி நிக்கும். இல்லேன்னா அடிவழியா ஒழுகும்."

தன் நகப்பாலீஷை எடுத்து டாங்கின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று போட்டாள். "இதுக்கு மேல போகவே கூடாது. சரியா?"

அன்று சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு வரைக்கும் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு மேல் நின்றது. வெயிலுக்கு விரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலாந்தின் மழை ஊரான பார்ன்ஸ்லியில், வெயிலுக்கு!

தினமும் அதே கதை. எத்தனை இழுப்பு இழுத்தாலும் காலையில் டாங்க் தளும்பியது. ஒரு பக்கம் ஒழுகுகிறதே என்று எரிச்சல். இன்னொரு பக்கம், இழுப்பதை இவ்வளவு குறைத்துவிட்டோமே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு மணி நேர ஆராதனையைச் சும்மா தாண்ட முடியாது என்று அதையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வாசலில் கிர்ஸ்டியின் கார் ஹாரன் அடித்தபோது தொடையில் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன், ஈரம் முழங்கால்வரை போயிருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. சமையலறையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த கெய்னர் முன்னால் போய் நின்று, டாங்கை மேஜையில் வைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

"கெய்னர், நான் மனுஷனே இல்ல. ஆறு வாரமா ஷெட்ல உக்காந்து இதத்தான் இழுக்கறேன். பாப்பாவ நீயே தூக்கிட்டுப் போ. நீதான் சொன்ன சொல்லக் காப்பாத்தினவ."

அவள் மிட்டாயைக் கடிக்கும் சத்தம் நின்றது.

"பாவத்துக்குத் தண்டனை மாதிரி ஒழுகிட்டே இருக்கு" என்றேன். "கடைப் பொண்ணு சிவப்பா கோடு போட்டுக் கொடுத்தா. விளிம்பு வரைக்கும் ஊத்தினாத்தான் ஒழுகுமாம். சத்தியமா சொல்றேன், கோட்டுக்கு மேல நான் ஒரு சொட்டு ஊத்தல. நாப்பது வருஷம் குழாய் வேலை பாத்து என்ன பிரயோஜனம்!"

கிர்ஸ்டி கதவைத் தட்டினாள். கெய்னர் என் பேண்ட்டைப் பார்த்தாள், டாங்கைப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஐயையோ... அந்தக் கோட்டுக்கு மேல ஊத்தக் கூடாதா, நெவில்?"