மேடத்துக்கு ஒரு பாராட்டு

லிங்கராஜ் வாங்கிய புது பில்லிங் சாஃப்ட்வேர் ஆக்டிவேட் ஆகவே இல்லை. பில் போடாமல் அவனுடைய கருவாட்டு லோடு தூத்துக்குடி துறைமுகத்துக்குள் நுழைய முடியாது.

"நான் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் மனைவி இந்துமதி. வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்ப்பவள்.

"ஏளா, ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. நீ போயி ஒன் வேலையப் பாரு."

அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் புலியான லிங்கராஜ், கஸ்டமர் கேருக்கு மெசேஜில் புலம்பினான். யாரோ ஒரு மேடம் பதில் போட்டாள்.

"ஆக்டிவேஷன் கீயில் பூஜ்யத்துக்குப் பதிலாக 'ஓ' அடித்திருக்கிறீர்கள் சார்."

மாற்றி அடித்தான். உடனே திறந்துகொண்டது!

"பச்சப்புள்ளைக்கும் புரியுத மாதிரி சொல்லுதீங்க மேடம். ஒங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு!" என்று உருகி அனுப்பினான்.

பதில் வந்தது. "அப்படியாங்க? உள்ள ரூமுக்கு வந்து, அத நேர்ல சொல்லுங்க."