ஓநாய்க்குப் பல் கட்டியவள்

"அந்தம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது சார்!"

இயக்குநர் அசோக்குமாரிடம் பொரிந்து தள்ளினான் உதவி இயக்குநர் அருள்பாண்டி. அலங்காநல்லூர்க்காரன். மனசில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாது.

"யாரைய்யா சொல்ற?"

"பல்லு மேடத்தைத்தான் சார். வேற யாரை?"

நாகமலை அடிவாரத்தில் ஷூட்டிங். பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறிவிடும் ஒரு மனிதனின் கதை. ஓநாயாக நடிப்பவர் வாடிப்பட்டி கருத்தக்கண்ணன், சண்டைக் கலைஞர். அவருக்குப் பல்லும் நகமும் செய்தவர் வித்யாஸ்ரீ. மதுரையில் பல் செட்டு செய்கிற லேப் வைத்திருக்கிறார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. மற்ற படங்களில் சொந்தப் பல்லுக்கு மேலே கோரைப்பல்லை மாட்டுவார்கள், உதடு வீங்கினது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இது அப்படியில்லை. ஈறிலிருந்தே முளைத்த பல். மங்கிய மஞ்சள், வேர்ப்பக்கம் கறை, எலும்பு கடித்துக் கடித்துத் தேய்ந்துபோன முனை. நகத்திலும் அடியில் மண் ஒட்டியிருக்கும், ஒன்றிரண்டு பிளந்திருக்கும். முதல் நாள் கருத்தக்கண்ணன் வாயைத் திறந்ததும் லைட் பிடித்த ஆளே ரெண்டடி பின்னால் போனான்.

"எப்படிங்க இம்புட்டு நிஜமா?" என்று இயக்குநரே கேட்டார். வித்யாஸ்ரீ சிரித்து மழுப்பிவிட்டார்.

எல்லாம் சரி. சாப்பாட்டு நேரத்தில்தான் அருள்பாண்டிக்கு வயிறு எரிந்தது.

நகத்தை வித்யாஸ்ரீயே கழற்றிவிடுவார். பல்லைத் தொடவிட மாட்டார். யூனிட்டே பந்தியில் கறிச்சோறு சாப்பிட, அந்த மனுசன் ஓரமாக உட்கார்ந்து ஸ்ட்ரா போட்டுக் கேப்பைக்கஞ்சி உறிஞ்சுவார். பேச்சும் கிடையாது, சைகைதான். காலையில் வித்யாஸ்ரீயின் காரில் பல்லோடு வந்து இறங்குவார். பேக்கப் ஆனதும் பல்லோடு ஏறிப் போவார்.

அன்றைக்கு அருள்பாண்டியே ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டுக் கொண்டுபோய் நீட்டினான். கருத்தக்கண்ணன் தட்டையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தள்ளிவிட்டார். கண் கலங்கியிருந்தது.

அவ்வளவுதான், அருள்பாண்டிக்குத் தாங்கவில்லை.

"மேடம், கழட்டி விடுங்க. மனுசன் ஒரு வாய் சாப்பிடட்டும்."

"கழட்ட முடியாது அருள். திரும்ப அதே மாதிரி உக்காராது."

"உங்களுக்கு உங்க பல்லு பெருசா, அவரு வயிறு பெருசா?"

வித்யாஸ்ரீ குனிந்து நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து கருத்தக்கண்ணன் 'வேணாம், விடு' என்று ரெண்டு கையையும் ஆட்டினார். பாவம், அந்தம்மாவுக்குப் பயப்படுகிறார் என்றுதான் அருள்பாண்டிக்குத் தோன்றியது. நேராக இயக்குநரிடம் போய்விட்டான்.

கேட்டதும் அசோக்குமாருக்கும் சுருக்கென்றது. எழுந்து வந்தார். பின்னாலேயே ஸ்டண்ட் மாஸ்டர் நல்லகாமன், லைட் ஆட்கள், சமையல் ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"மேடம், ஒண்ணு பல்லைக் கழட்டுங்க. இல்லைன்னா நீங்க கிளம்பலாம். பட்டினி போட்டு வேலை வாங்குறது என் படத்துல நடக்காது."

வித்யாஸ்ரீ ஒரு கணம் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்.

"கிளம்புறேன் சார்" என்றார்.

"பாத்தியா மாப்ள, என்னா திமிருன்னு!" கூட்டத்தில் எவனோ சொன்னான். அது காதில் விழுந்தும் அவர் நிமிரவில்லை. சாமான்களைப் பெட்டியில் எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

அருள்பாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நல்லது செய்தோம் என்ற திருப்தி.

அப்போதுதான் கருத்தக்கண்ணன் கூட்டத்துக்கு நடுவே வந்தார். வாய்க்குள் விரலை விட்டு மேல்வரிசையைக் கழற்றினார். பிறகு கீழ்வரிசை. கன்னம் ரெண்டும் உள்ளே ஒடுங்கிப்போனது.

வாயில் ஒரு பல்கூட இல்லை. வெறும் ஈறு.

"அவுகளை அனுப்பாதீக சார்." வார்த்தை பாதி காற்றாக வந்தது. "போன படத்துல மாடியிலருந்து விழுந்தேன். மூஞ்சி தரையில மோதி அம்புட்டுப் பல்லும் போச்சு. உங்ககிட்ட வேலை கேட்டு வந்தப்ப வாயில இருந்தது இவுக கட்டி விட்ட செட்டுதேன். அதுக்கு மேல ஓநாய்ப்பல்லு நிக்காது. அதைக் கழட்டிட்டுத்தேன் இதை மாட்டணும். இந்தப் பொட்டல்ல மறைஞ்சு நின்னு மாத்த இடம் ஏது? நாந்தேன் கெஞ்சிக் கேட்டேன், யாருகிட்டயும் சொல்லிராதீகன்னு."

எல்லோரும் நல்லகாமன் மாஸ்டரைப் பார்த்தார்கள். ஆள் எடுத்த அன்றைக்கே அவர் கறாராகச் சொன்னது யூனிட்டுக்கே தெரியும். "விழுந்து அடிபட்ட ஆளு எனக்கு வேணாம். ஒருத்தன் தயங்குனா கூட இருக்கிறவனுக்கும் அடி."

மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் தள்ளிப் போனார். "ஒரு ஆளு வேணும்ப்பா, நாளைக்கே" என்றது இங்கேவரை கேட்டது.

இயக்குநர் தலை குனிந்தார்.

அருள்பாண்டி கருத்தக்கண்ணன் அருகே போனான்.

"அண்ணே... நான் உங்களுக்காகத்தானேண்ணே..."

கருத்தக்கண்ணன் அவன் தோளில் கை வைத்தார். கோபம் துளிகூட இல்லை.

"தெரியும் தம்பி. நீங்க எனக்காகப் பேசுனீக. அவுக எனக்காகப் பேசாம இருந்தாக."