பகிடி விடும் இன்ஸ்பெக்டர்

கரையோர மீன்வாடியின் வாசலில் மீன் வெட்டும் பெண்கள், கத்தி பிடித்த கை அப்படியே நிற்க, கதை கேட்டு வாய் பார்த்திருக்கிறார்கள். கன்னியர் மடத்தில் இங்கிலீசு படித்த மார்கிறட், செதில் ஒட்டிய துப்பறியும் நாவலை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்கிறாள். லண்டன் இன்ஸ்பெக்டர் கொலைகாரனுக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவனுடைய தொப்பியைப் பற்றி ஒரு பகிடி விடுகிறார். பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். சிரிப்பின் நடுவே புத்தகத்தில் ஒரு நிழல் விழுகிறது. பிரம்பால் சப்பாத்தைத் தட்டியபடி சார்ஜன்ட் நிற்கிறார். “நேற்று மத்தியானம் கடையில களவு போயிருக்கு. எங்க உன்ர மனிசன் இராயப்பு? ரெண்டு போட்டால் உண்மை வரும்.” மார்கிறட் எழும்பவில்லை, புத்தகத்தை மூடவுமில்லை. “இந்த இன்ஸ்பெக்டர் ஒருத்தருக்கும் அடிக்கிறேல்லை ஐயா. கேள்வி கேட்டுத்தான் கள்ளனைப் பிடிக்கிறார். நீங்களும் ஒண்டைக் கேளுங்கோவன்.” பிரம்பு தட்டுவதை நிறுத்துகிறது. “சரி. நேற்று மத்தியானம் அவன் எங்க நிண்டவன்?” “இஞ்சதான், கரைவலை இழுத்தவர்.” “ஆர் கண்டது?” மீன் இரத்தம் முழங்கைவரை வடிய, எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்கின்றன. கத்தியைக் கீழே வைக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.