சளியில் ஒரு சிவப்பு மணி

ஆராய்ச்சியாளர் பிரெண்டா ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறாள். மழைக்கு முந்தைய சுபாங் ஜெயா நகரத்தின் புழுக்கம் ஆய்வுக்கூடத்துக்குள் மெல்ல இறங்குகிறது. நாளெல்லாம் குளிர்ச்சட்டைக்குள்ளேயே இருந்து பழகியவளுக்கு, சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் குளிரில் சோம்பிவிடும் என்பது இப்போதுதான் உறைத்திருக்கிறது. நுண்ணோக்கியின் கீழே ஒரு சிறு கிண்ணம். அதில் மகதலேனாவின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், அவற்றின்மேல் பசையாய் இறுகிய சளி, சளியில் தூவிய மிகச் சிறிய சிவப்பு மணிகள். காலையில் புது மருந்து விட்டும் ஒரு மணிகூட அசையவில்லை. கிள்ளானிலிருந்து வந்திருக்கும் மகதலேனா, ஆஸ்துமாவோடு போராடி அலுத்த முகத்தோடு, இன்ஹேலரை மடியில் உருட்டியபடி திரையையே பார்க்கிறாள். "இந்த மருந்தும் கேக்கலையா மா?" என்கிறாள். "கொஞ்சம் சூடு ஏறட்டும் லா ஆன்டி." பிரெண்டாவுக்கு வேர்க்கிறது, குளிர்ச்சட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு மணி நடுங்குகிறது. நின்றுவிடுகிறது. பிறகு, பாசார் சந்தைக் கூட்டத்தில் வழி கிடைத்தவளைப்போல மெல்ல நகர்கிறது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் நாலைந்து. நடுவில் ஒரு கொத்து மட்டும் அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. "எங்க மா போகுது அது?" "உங்க நெஞ்சுக்குள்ள இருந்திருந்தா, மேல தொண்டைக்கு வந்திருக்கும் ஆன்டி." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மகதலேனா தன்னையறியாமல் தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.