நோட்டில் இன்னொரு கையெழுத்து

“‘எனக்கு வேலையே ஓயலை, எழுத நேரமில்லை. அவளுக்கென்ன, யாரோ எழுதிக் கொடுக்கறாங்க!’ மூணு நாளா இதையேதானே சொல்லிட்டிருக்கே?” என்றார் கணவர், ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி.

“சொல்லுவேன். நாலாவது நாளும் சொல்லுவேன்!”

மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது.

வேதாகமத்தைக் கையால் எழுதி பீடத்தில் வைக்க வேண்டும் என்று, பங்குக் கோயில் ஃபாதர், பங்கிலுள்ள பெண்களுக்கு ஆளுக்கு ஐம்பது அதிகாரம் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரு நோட்டு, ஒரே கை. அதுதான் விதி.

மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி முடித்தே விட்டாள். பூசையில் ஃபாதர் எழுப்பி நிறுத்திப் பாராட்டியும் ஆயிற்று.

யாரை? வேலை போன நாளிலிருந்து ஆறு மாதம் கட்டிலே கதி என்று கிடந்தவளை! தலை வாரச் சொன்னால் நாளைக்கு. துணி மடிக்கச் சொன்னால் நாளைக்கு. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘நாளைக்கு’தான்.

“இருபது வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தறேன். என்னை எந்த ஃபாதர் எழுப்பி நிறுத்தினார்?”

“நீ எத்தனை அதிகாரம் எழுதினே?”

“ஒன்பது.” குரல் இறங்கியது. உடனே ஏறியது. “ஆனா அத்தனையும் என் கை!”

விறுவிறுவென்று படியேறினாள். கணவர் ஒற்றை ஷூவோடு பின்னால் ஓடினார்.

ஓரகத்தி நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் கேட்காமலே பிடுங்கிப் புரட்டினாள்.

“பாருங்க! நான் சொன்னேனா இல்லையா?”

ஒவ்வோர் அதிகாரத்தின் முதல் வரியும் வேறு கையெழுத்து. பெரிது பெரிதாக, கோணல் மாணலாக.

“என் வீட்டுக்காரர் எழுதினது அக்கா,” என்றாள் ஓரகத்தி. “எனக்கு ஆரம்பிக்கவே வரலை. பேனாவைப் பார்த்தாலே அழுகை. அவர் பஸ் ஓட்டப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதி வைப்பார். ‘ஆண்டவரே, மீதிக்கு நீர்தான் இவளைத் தூக்கி உட்கார வைக்கணும்’னு ஜெபம் பண்ணிட்டுப் போவார். பாதியில நிக்கற வசனத்தைப் பார்த்தா, ஆண்டவர் பேசிட்டிருக்கும்போதே நான் திரும்பிப் படுத்துக்கிட்ட மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் குளிச்சேன், சமைச்சேன், எல்லாம்.”

“எனக்கு ஒரு வரி எழுதி வைக்க இந்த வீட்டுல யார் இருக்கா?”

கணவர் ஷூ இல்லாத காலைப் பார்த்துக்கொண்டார்.

“அதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. விதின்னு ஒண்ணு இருக்கே! இப்பவே ஃபாதர்கிட்ட போறேன்.”

“வேண்டாம்க்கா. இதை முடிச்சேன்ங்கற தைரியத்துலதான் திங்கக்கிழமை வேலை கேட்டுப் போறதா இருக்கேன். இதுவும் செல்லாதுன்னு சொல்லிட்டா, மறுபடியும் படுத்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

“என் நோட்டை எடுத்துட்டு வாங்க! நேர்மையா எழுதினது எப்படி இருக்கும்னு ஃபாதரும் பார்க்கட்டும்!”

ஃபிரிட்ஜ் மேல், கரண்ட் பில்களுக்கு அடியில் கிடந்த நோட்டைக் கணவர் கொண்டுவந்தார். அவள் அதைத் தொட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

எல்லோரும் பார்க்கும்படி விரித்தாள்.

ஒன்பது அதிகாரம் வரை அவளுடைய கான்வென்ட் சாய்வெழுத்து.

பத்தாவதில் ஒரே ஒரு வரி. பதினொன்றில் ஒரு வரி. பன்னிரண்டில் ஒன்று. ஐம்பது வரைக்கும் அப்படித்தான். அதிகாரத்துக்கு ஒரு வரி, உருண்டை உருண்டையான எழுத்தில். மீதியெல்லாம் வெள்ளை.

“நான்தான்க்கா,” என்றாள் ஓரகத்தி. “தினம் பால் எடுக்கக் கீழே வரும்போது ஒண்ணு எழுதி, உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுப் போவேன். என்னைக்காவது திறந்து பார்ப்பீங்கன்னு நினைச்சேன்.”

மூத்தவளுக்கு நோட்டை மூடவும் கை வரவில்லை.

ஓரகத்தி பேனாவை நீட்டினாள்.

“ஃபாதர்கிட்ட போறதுக்கு முன்னாடி, அந்தப் பத்தாவது அதிகாரத்தை மட்டும் எழுதி முடிச்சிட்டுப் போறீங்களாக்கா?”